டோர்னமென்ட்டில் சீட்டிங் (ஏமாற்றி ஆடுவது): ரூம் போடுவது முதல் தீர்ப்பு சொல்வது வரை

கோவை, திருப்பூர், ஈரோடு, பொள்ளாச்சிப் பக்கம் வாரக்கடைசியில் நடக்கும் பிஜிஎம்ஐ (பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா என்ற துப்பாக்கிச் சண்டை கேம்) ரூம்கள், அதாவது நடத்துபவர் பாஸ்வேர்டு வைத்துத் திறக்கும் தனி மேட்ச்கள், பாதியில் கலைவதற்கு ஹேக்கர்கள் மட்டும் காரணமில்லை. யாரோ ஒருவர் "ஹேக்" என்று குரூப்பில் போடுகிறார். அதை எப்படி விசாரிப்பது என்று நடத்துபவருக்குத் தெரிவதில்லை. நள்ளிரவு வரை கத்தல், மறுநாள் இரண்டு டீம் வெளியேற்றம், அடுத்த வாரம் ரூமே நிரம்புவதில்லை. கேம் கம்பெனியிடம் சர்வர் பதிவும் ஏமாற்றைப் பிடிக்கும் ஆன்டி-சீட் மென்பொருளும் இருக்கின்றன. 16 டீமை வைத்து ரூம் போடும் குழுவிடம் இருக்கக்கூடியவை இரண்டுதான்: முன்கூட்டியே எழுதிவைத்த விதி, வீரர்களே எடுத்துவைத்த ரெக்கார்டிங். இந்த இரண்டும் இல்லாமல் யாரையும் பேன் (தடை) செய்ய இறங்காதீர்கள்.

இந்த வழிகாட்டி பெரும்பாலும் மொபைல் டோர்னமென்ட்டுகளுக்கானது; நம் பக்கம் அதிகம் ஆடுவது அதைத்தான். கணினி வைத்திருக்கும் கேமிங் சென்டர்களுக்கும் மைன்கிராஃப்ட் சர்வர் நடத்துபவர்களுக்கும் கடைசியில் தனிப் பகுதிகள் உள்ளன.

படி 1: விதியைப் பெயர் சொல்லி எழுதுங்கள்

"சீட்டிங் செய்தால் தடை" என்ற ஒரு வரி போதாது. பிடிபட்டவர் கேட்கும் முதல் கேள்வி "அது தப்புன்னு எங்கீங்க போட்டிருக்கு?" என்பதாகத்தான் இருக்கும். கீழ்க்கண்டவற்றை ஒவ்வொன்றாகக் குறிப்பிடுங்கள்:

- ஏய்ம்பாட் (தானாகக் குறி வைக்கும் மென்பொருள்), வால்ஹேக் (சுவருக்குப் பின்னால் இருக்கும் எதிரியைக் காட்டுவது), ரீகாயிலைக் (சுடும்போது துப்பாக்கி உதறுவதை) குறைக்கும் கான்ஃபிக் ஃபைல், ஸ்பீடு ஹேக், மாற்றியமைத்த ஏபிகே (ஆண்ட்ராய்டு ஆப்பை நிறுவும் கோப்பு)
- ஜிஎஃப்எக்ஸ் டூல் (கேமின் கிராஃபிக்ஸை மாற்றும் ஆப்), ஐபேட் வியூ (திரையில் அதிகப் பரப்பு தெரிவது) தரும் ஆப்கள்
- எமுலேட்டர் (மொபைல் கேமைக் கணினியில் ஓட்டும் மென்பொருள்), போனில் மவுஸ்-கீபோர்டு இணைக்கும் கன்வெர்ட்டர்
- லேக் சுவிட்ச் (வேண்டுமென்றே நெட்டைத் துண்டித்துத் துண்டித்து ஆடுவது)
- டீமிங் (இரண்டு டீம் ஒன்றையொன்று சுடாமல் கூட்டு வைப்பது)
- கோஸ்டிங் (லைவ் பார்ப்பவரிடமோ, செத்துப்போன வேறு டீம்காரரிடமோ எதிரி இருக்கும் இடம் கேட்பது)
- ஆள் மாறாட்டம் (ஒருவர் ஐடியில் இன்னொருவர் ஆடுவது)

ஜிஎஃப்எக்ஸ் டூல் விஷயத்தில் எப்போதும் தகராறு வரும். "நான் ஹேக் பண்ணலீங்க, போன் சூடாகுதுன்னு கிராஃபிக்ஸைக் குறைச்சேன்" என்பார்கள். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் கேமின் ஃபைலை மாற்றும் எந்த வெளி ஆப்பும் கேம் கம்பெனியின் விதிப்படி தடைதான். நீங்களும் தடை என்றே எழுதிவிடுங்கள். விதிவிலக்கு வைத்தால் அடுத்த கான்ஃபிக் ஃபைலும் அதே வாசலில் உள்ளே வரும்.

ஏபிகேயைப் பற்றியும் ஒரு வரி வேண்டும். பிஜிஎம்ஐ 2022 ஜூலை 28 அன்று ஆப் ஸ்டோர்களிலிருந்து எடுக்கப்பட்டு 2023 மே மாத இறுதியில்தான் திரும்பி வந்தது. அந்தப் பத்து மாதமும் டெலிகிராமிலிருந்து ஏபிகே இறக்கிப் பழகியவர்கள் இன்னும் அப்படியே இறக்குகிறார்கள். அதில் பலருக்கு, தான் வைத்திருப்பது மாற்றியமைத்த கோப்பு என்பதே தெரியாது. "பிளே ஸ்டோர் அல்லது ஆப் ஸ்டோரிலிருந்து நிறுவியது மட்டும்" என்று எழுதி, டோர்னமென்ட்டுக்கு ஒரு வாரம் முன்பே அறிவியுங்கள். ஹேக் பேனல் என்று விற்கப்படும் ஏபிகேக்கள் பல எஸ்எம்எஸ் அனுமதியும் அக்செசிபிலிட்டி அனுமதியும் கேட்கும். கொடுத்தால் ஓடிபியைப் படிக்க முடியும். பையன்களிடம் ஒழுக்கம் பேசுவதைவிட இதைச் சொல்வது பலிக்கும்.

தண்டனையையும் அங்கேயே எழுதுங்கள். நடைமுறையில் ஒத்துவரும் அளவு இது: மென்பொருள் ஹேக்குக்கு ஓராண்டு, இரண்டாம் முறை நிரந்தரம், டீமிங், கோஸ்டிங், ஆள் மாறாட்டத்துக்கு அந்த டோர்னமென்ட்டிலிருந்து நீக்கமும் அடுத்த மூன்று மாதத் தடையும், ரெக்கார்டிங் தராவிட்டால் அந்த மேட்ச் புள்ளி பூஜ்யம்.

பலரும் மறப்பது புள்ளிக் கணக்கு. ஒரு டீமை நீக்கியபின் மற்றவர்கள் புள்ளி என்ன ஆகும்? 10, 6, 5, 4, 3, 2, 1, 1 என்று முதல் எட்டு இடத்துக்கும், கில்லுக்கு (ஒருவரைக் கொல்வதற்கு) 1 என்றும் போடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நீக்கிய டீமுக்குக் கீழே இருந்தவர்கள் ஒவ்வொரு இடம் மேலே வருவார்கள். நீக்கிய டீமை மற்றவர்கள் கொன்ற கில் அப்படியே நிற்கும். ஆனால் அந்த டீம் மேட்ச்சையே தின்றிருந்தால் இது நியாயமாகாது. 16 டீம், 64 பேர் ஆடும் மேட்ச்சில் நீக்கிய டீம் 15 கில்லுக்கு மேல் எடுத்திருந்தால் மேட்ச் முழுவதும் ரத்து, மறுபடி ஆட்டம் என்று ஒரு கோடு போடுங்கள். 15 என்பது 12 ஆக இருந்தாலும் பரவாயில்லை. முன்பே எழுதியிருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம்.

நுழைவுக் கட்டணம் பற்றி ஒரு எச்சரிக்கை. 2025 ஆகஸ்டில் வந்த மத்திய ஆன்லைன் கேமிங் சட்டம் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்கிறது. அங்கீகரிக்கப்பட்ட இ-ஸ்போர்ட்ஸைத் தனியாகப் பிரித்துப் பார்க்கிறது. ஊர் டோர்னமென்ட் அந்தப் பிரிவுக்குள் தானாக வந்துவிடாது. ஆளுக்கு 50 ரூபாய் வாங்கி அதையே பரிசாகப் பிரிக்கும் வழக்கத்தை விடுங்கள். மொபைல் கடைக்காரரோ பேக்கரிக்காரரோ தரும் பரிசை வைத்து இலவச நுழைவாக நடத்துங்கள்.

படி 2: பதிவு செய்யும்போதே பாதிப் பிரச்சினையைத் தீர்ப்பது

பெயரை நம்பாதீர்கள். ரீநேம் கார்டு போட்டால் பெயர் மாறிவிடும். கேரக்டர் ஐடி எண் மாறாது. டீமுக்கு 4 பேரும் ஒரு மாற்று ஆளும் என்றால் 16 டீமுக்கு 80 எண்கள். ஒரு கூகுள் ஷீட்டில் டீம் பெயர், கேரக்டர் ஐடி, போன் மாடல், ஊர், கேப்டனின் வாட்ஸ்அப் எண் என ஐந்து பத்தி போதும். ஐடியைத் தட்டச்சு செய்து வாங்காமல் புரொஃபைல் ஸ்கிரீன்ஷாட்டாக வாங்குங்கள். ஓர் இலக்கம் தவறினாலும் ரூமில் சரிபார்க்க முடியாமல் போகும்.

ஆதார் நகல் கேட்காதீர்கள். ஆடுபவர்களில் பலர் 18 வயது ஆகாதவர்கள். அவர்கள் ஆவணத்தை வாட்ஸ்அப்பில் வைத்திருப்பது உங்களுக்குத்தான் தலைவலி. வயது தெரிய வேண்டுமென்றால் பெற்றோரிடம் ஒரு போன் போதும்.

ஊர்ப் பத்தி டீமிங் விசாரணைக்குப் பயன்படும். ஒரே பனியன் கம்பெனியிலிருந்து மூன்று டீம், ஒரே கல்லூரி விடுதியிலிருந்து நான்கு டீம் என்று வருவது இங்கே சாதாரணம். தவறில்லை, ஆனால் அவர்களை ஒரே குரூப்பில் போடாமல் பிரித்துவிடுங்கள்.

நேரத்தையும் யோசித்து வையுங்கள். திருப்பூர்ப் பக்கம் சனிக்கிழமை சம்பள நாள். அன்று இரவு 8 மணிக்கு ரூம் வைத்தால் பாதி டீம் மாற்று ஆளோடு வரும், ஆள் மாறாட்டப் புகார் அங்கேதான் தொடங்கும். ஞாயிறு மாலை 3 மணி எல்லோருக்கும் ஒத்துப்போகிறது.

படி 3: ரூம் நாள்

மூன்று பேர் வேண்டும். ஒருவர் ரூம் போட்டு ஐடியைச் சரிபார்க்க, ஒருவர் அப்சர்வராக (ஆடாமல் ரூமுக்குள் இருந்து) பார்க்க, ஒருவர் புகார் மட்டும் வாங்க. ஒரே ஆள் மூன்றையும் செய்தால் எதுவும் உருப்படாது.

ரூம் ஐடி, பாஸ்வேர்டை ஆட்டத்துக்கு 15 நிமிடம் முன்பு கேப்டன்களுக்கு மட்டும் அனுப்புங்கள். ஸ்லாட் லிஸ்ட்டை (ரூமில் யார் எந்த இடத்தில் இருக்கிறார்கள் என்ற பட்டியலை) ஷீட்டோடு ஒப்பிட்டு, பதிவில் இல்லாத ஐடியை வெளியேற்றுங்கள். எல்லாரும் உட்கார்ந்தபின் முழு லிஸ்ட்டையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். தொடங்கியபின் இதை எடுக்க முடியாது. "அவன் நம்ம டீம்லயே இல்லீங்க" என்று பின்னால் சொல்பவருக்கு இது ஒன்றுதான் பதில்.

அப்சர்வர் ஸ்லாட்டில் உட்காருபவருக்கு எல்லோருடைய இடமும் தெரியும். சட்டப்பூர்வமான வால்ஹேக் அது. ஆகவே அவர் ஆடும் எந்த டீமுக்கும் சொந்தக்காரராகவோ ஒரே அறையில் இருப்பவராகவோ இருக்கக் கூடாது. கொங்கு நாட்டில் யாருக்கும் யாரும் மாமன் மச்சான் ஆகாத ஆளைத் தேடுவது கஷ்டம்தான்; குறைந்தபட்சம் வேறு தாலுகாவிலிருந்து ஒருவரைப் பிடியுங்கள்.

யூடியூபில் லைவ் போனால் தாமதம் வைக்காமல் போகாதீர்கள். ஓபிஎஸ் மென்பொருளில் அட்வான்ஸ்டு அமைப்புகளுக்குள் ஸ்ட்ரீம் டிலே இருக்கிறது. 180 வினாடிக்குக் குறையாமல் வையுங்கள். ஆடும் பரப்பு சுருங்கிப்போன கடைசி வட்டங்களில் டீம்கள் ஒரே இடத்தில் பதுங்கி இருப்பதால் 300 இருந்தால் நல்லது. நொடிக்கு 4,500 கிலோபிட் வேகத்தில் 180 வினாடிக்கு ஏறத்தாழ 100 எம்பி ரேம்தான் எடுக்கும், அதற்குப் பயப்பட வேண்டியதில்லை. தாமதம் வைத்துவிட்டு கமென்ட்ரி பேசுபவர் டிஸ்கார்டு வாய்ஸ் சானலில் நேரடியாக உளறுவது இன்னொரு ஓட்டை. அந்தச் சானலைப் பூட்டுங்கள்.

படி 4: ரெக்கார்டிங்

ஒவ்வொரு வீரரும் தன் திரையைப் பதிவு செய்ய வேண்டும். பிஓவி என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். சரியான பிஓவிக்கு அடையாளம்: போனின் முகப்புத் திரையிலிருந்து தொடங்க வேண்டும். தேதி, நேரம் தெரிய வேண்டும். அண்மையில் திறந்த ஆப்களின் பட்டியலைக் காட்ட வேண்டும். கேமைத் திறந்து கேரக்டர் ஐடியையும் சென்சிட்டிவிட்டி பக்கத்தையும் காட்ட வேண்டும். பிறகு ரூமுக்குள் போய் ரிசல்ட் திரை வரும்வரை வெட்டில்லாமல் ஓட வேண்டும். கேம் சத்தம் பதிவாக வேண்டும். காலடிச் சத்தம் இல்லாத பிஓவியை வைத்து வால்ஹேக் விசாரணை நடத்தவே முடியாது.

அளவு: 720பி, நொடிக்கு 4 மெகாபிட் என்றால் 30 நிமிட மேட்ச்சுக்கு சுமார் 900 எம்பி. நான்கு மேட்ச்சுக்கு 3.6 ஜிபி. தினம் 1.5 ஜிபி டேட்டா பேக் வைத்திருக்கும் பையன் இதை அப்லோடு செய்ய மாட்டான், செய்யச் சொல்வதும் நியாயமில்லை. ஆகவே "72 மணி நேரம் போனில் வைத்திருங்கள், கேட்டால் 6 மணி நேரத்துக்குள் தர வேண்டும்" என்பதுதான் விதி. கேட்கும்போதும் முழு மேட்ச்சைக் கேளுங்கள், 10 வினாடித் துண்டை வாங்காதீர்கள்.

4 ஜிபி ரேம் போன்களில் ரெக்கார்டிங் போட்டால் ஃப்ரேம் விழும், சூடாகும். அவர்களுக்கு மாற்று வழி ஹேண்ட்கேம்: இன்னொரு போனை மேலிருந்து வைத்து, கைவிரல்களும் திரையும் சேர்ந்து தெரியும்படி எடுப்பது. ஏய்ம்பாட் சந்தேகத்துக்கு இதுவே மேல், ஏனென்றால் விரல் அசைவும் குறியின் அசைவும் ஒத்துப்போகின்றனவா என்று நேரடியாகப் பார்க்கலாம்.

வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் சுருங்கி, மங்கி வரும். டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள். 2 ஜிபி வரை போகும்.

படி 5: புகாரை வாங்கும் முறை

வரும் புகார் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: "ண்ணா, 7ஆம் ஸ்லாட்டுக்காரன் ஹேக்குங்ண்ணா, சுவத்துக்குள்ளயே பாக்குறான்." இதற்கு ஒரே மாதிரி பதில் வைத்துக்கொள்ளுங்கள்:

"தம்பி, புகார் பதிவாயிடுச்சுங்க. எந்த மேட்ச், எந்த நிமிஷம், எந்த இடம்னு எழுதி, உங்க முழு பிஓவியை டாக்குமென்ட்டா அனுப்புங்க. நாளைக்குச் சாயங்காலம் 6 மணிக்குள்ள பதில் சொல்றோம். அதுவரைக்கும் குரூப்ல அவங்க பேரைப் போட வேண்டாங்க."

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். ஒரு பையனின் போட்டோவையும் ஊரையும் போட்டு "ஹேக்கர்" என்று பரப்பினால், பாரதிய நியாய சன்ஹிதா 356ஆம் பிரிவின்படி அவதூறுப் புகார் கொடுக்க இடமுண்டு. சட்டம் போகட்டும், அதே பையன் நாளை உங்கள் தங்கை கல்லூரியில் படிக்கிறான், அவன் அப்பா உங்கள் குடோனுக்கு நூல் போடுகிறார் என்பது மாதிரியான ஊர் இது.

புகார் கேட்டு முடித்ததும் கேமுக்குள்ளேயே ரிப்போர்ட் பட்டனையும் அழுத்தச் சொல்லுங்கள். உங்கள் தீர்ப்பு எப்படி இருந்தாலும் அது தனியாக நடக்கட்டும்.

படி 6: கிளிப் பார்ப்பது

இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். முதலில், ஹேக் மாதிரி தெரியும் ஆனால் ஹேக் இல்லாதவற்றைக் கழித்துவிடுங்கள்.

"சுவருக்குப் பின்னால் போனபின் செத்தேன்." சுடுபவர் திரையில் நீங்கள் இன்னும் வெளியில்தான் இருந்தீர்கள். இருவரின் பிங்கும் (தகவல் சர்வருக்குப் போய்வரும் நேரம்) கூடக் கூட அவ்வளவு பழைய படத்தை அவர் பார்த்துச் சுடுகிறார், சர்வர் அதை ஏற்றுக்கொள்கிறது. வால்பாறை மலைப்பாதையிலும் கோபி பக்கத்துத் தோட்டங்களிலும் மொபைல் டேட்டாவில் ஆடுபவர்களோடு மோதும்போது இது அடிக்கடி நடக்கும்.

"டெத் ரீப்ளேயில் குறி என் மேல் ஒட்டிக்கொண்டது." செத்தபின் கேம் காட்டும் ரீப்ளே என்பது நெட்வொர்க் தகவலிலிருந்து மறுபடி கட்டிய படம். அவர் திரையில் நடந்தது அச்சு அசலாக அதில் வராது. இடையிடையே விட்டுப்போன அசைவை மென்பொருள் நிரப்பும். டெத் ரீப்ளேயை மட்டும் வைத்து ஒருவரையும் பேன் செய்யக் கூடாது.

"ரீகாயிலே இல்லை." துப்பாக்கியில் என்ன அட்டாச்மென்ட் (கூடுதல் பாகம்) மாட்டியிருக்கிறது என்று பாருங்கள். காம்பன்சேட்டர், கிரிப், டாக்டிகல் ஸ்டாக் எல்லாம் போட்ட எம்416 துப்பாக்கியை, ஜைரோஸ்கோப் (போனைச் சாய்த்துக் குறியை நகர்த்தும் வசதி) எப்போதும் ஆன் வைத்து, நான்கைந்து விரலில் ஆடுபவர் பிடித்தால் கோடு மாதிரிதான் நிற்கும். ஒன்றுமே மாட்டாத துப்பாக்கியில் 6எக்ஸ் ஸ்கோப்போடு 100 மீட்டரில் முழு மேகசினும் ஒரே புள்ளியில் இறங்கினால் அது விசாரிக்க வேண்டிய விஷயம்.

இவற்றைக் கழித்தபின் மீதமிருப்பவற்றை வகை வகையாகப் பாருங்கள்.

*வால்ஹேக்.* எதிரி இருக்கும் இடத்தை அவர் பார்த்தாரா என்று மட்டும் எல்லோரும் பார்க்கிறார்கள். எதிரி இல்லாத இடத்தில் என்ன செய்தார் என்பதில்தான் அதிகம் தெரியும். நேர்மையாக ஆடுபவர் வீட்டுக்குள் நுழைந்தால் காலி மூலையையும் பார்ப்பார், படிக்கட்டுக்கு முன் நிற்பார், தேவையில்லாமல் கிரனேடு வீணாக்குவார். வால்ஹேக் வைத்திருப்பவர் காலி வீட்டில் ஒரு மூலையைக்கூடத் திரும்பிப் பார்க்காமல் நடப்பார், ஆள் இருக்கும் வீட்டில் மட்டும் எச்சரிக்கையாவார். முழு மேட்ச் பிஓவி கேட்பது இதற்காகத்தான். ஒவ்வொரு சந்தேகச் சம்பவத்துக்கும் எழுதுங்கள்: காலடிச் சத்தம் கேட்டதா, மினிமேப்பில் குறி வந்ததா, டீம்காரர் சொன்னாரா, முன்பு பார்த்த ஆளா. நான்குக்கும் இல்லை என்று வரும் சம்பவத்தை மட்டும் எண்ணுங்கள். குறைந்தது இரண்டு மேட்ச்சிலாக ஐந்து சம்பவம் தேராவிட்டால் "நிரூபிக்கவில்லை" என்று மூடுங்கள்.

*ஏய்ம்பாட்.* விஎல்சி பிளேயரில் வீடியோவை நிறுத்திவிட்டு "இ" விசையை (ஆங்கில எழுத்து வரிசையில் ஐந்தாவது) அழுத்தினால் ஒவ்வொரு ஃப்ரேமாக நகரும். 30 ஃப்ரேம் வீடியோவில் ஒரு ஃப்ரேம் 33 மில்லி வினாடி. 60 ஃப்ரேமில் 17. ஆள் திரையில் தெரிவதிலிருந்து குறி நகரத் தொடங்கும்வரை எண்ணுங்கள். மனிதருக்குக் கண்ணால் பார்த்துக் கை அசைய 200 மில்லி வினாடி பக்கம் ஆகும். தடகளத்தில் துப்பாக்கிச் சத்தத்துக்குப் பின் 0.1 வினாடிக்குள் கிளம்பினாலே ஃபால்ஸ் ஸ்டார்ட். ஆனால் அங்கேயே குறி வைத்துக் காத்திருந்தவருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. குறியை நகர்த்த வேண்டியிருந்த சம்பவங்களை மட்டும் எடுங்கள். 30 ஃப்ரேம் வீடியோவில் ஓரிரு ஃப்ரேம் வித்தியாசத்தை வைத்து முடிவெடுக்க முடியாது, அளவுகோலே அவ்வளவு தடிமன். குறி ஒவ்வொரு முறையும் தலையின் அதே புள்ளிக்குப் போய் நிற்கிறதா, இலக்கைத் தாண்டிப் போய்த் திரும்பி வரும் சின்னத் தவறு ஒருமுறைகூட இல்லையா என்பது இன்னும் உறுதியான அடையாளம்.

*ஸ்பீடு ஹேக்.* அளந்துவிடலாம். எராங்கல் மேப்பில் பெரிய கட்டம் 1 கிலோமீட்டர், சின்னக் கட்டம் 100 மீட்டர். புகாருக்குள்ளானவர் ஒரு சின்னக் கட்டத்தைக் கடக்கும் நேரத்தையும், அதே மேட்ச்சில் இன்னொருவர் கடக்கும் நேரத்தையும் ஒப்பிடுங்கள். துப்பாக்கியைக் கையில் வைத்திருந்தால் வேகம் குறையும், எனர்ஜி டிரிங்க் குடித்திருந்தால் சற்றுக் கூடும், இறக்கத்தைக் கணக்கில் எடுங்கள். இவற்றையெல்லாம் சேர்த்தும் ஒன்றரை மடங்கு வராது.

*லேக் சுவிட்ச்.* கரண்ட் போனால் வைஃபை அணைந்து போன் மொபைல் டேட்டாவுக்கு மாறும். அந்தச் சில வினாடி அவர் குதித்துக் குதித்துத் தெரிவார். தறி ஓடும் ஊர்களில் ஒரு மேட்ச்சில் இரண்டு முறை நடந்தாலும் ஆச்சரியமில்லை. அவருடைய எல்லாச் சண்டைகளையும் பட்டியலிட்டு, லேக் வந்த நேரங்களைப் பக்கத்தில் எழுதுங்கள். சண்டையில் மட்டும் லேக், லூட் (கிடக்கும் பொருள்கள்) எடுக்கும்போதும் வண்டி ஓட்டும்போதும் ஒருமுறைகூட இல்லை என்றால் அது கரண்ட் இல்லை.

படி 7: டீமிங்

உள்ளூர் டோர்னமென்ட்டில் உண்மையில் அதிகம் நடக்கும் ஏமாற்று இதுதான், ஆனால் புகார் குறைவாக வருவதும் இதில்தான். எந்த மென்பொருளும் வேண்டாம், ஒரு டீக்கடைப் பேச்சு போதும். ஆன்டி-சீட் எதுவும் இதைப் பிடிக்காது.

மேட்ச் முடிந்ததும் யார் யாரைக் கொன்றார்கள் என்று அப்சர்வர் பதிவிலிருந்து ஒரு கட்டம் போடுங்கள். 16 வரிசை, 16 பத்தி. நான்கைந்து மேட்ச் முடிந்தபின் பாருங்கள். அருகருகே இறங்கியும், ஒரே வட்டத்தில் கடைசிவரை இருந்தும், ஒருவரையொருவர் ஒரு கில்கூட எடுக்காத ஜோடி கண்ணில் படும். கட்டம் சந்தேகத்தைத் தருமே தவிர நிரூபணம் ஆகாது. அடுத்து அந்த இரண்டு டீமின் பிஓவியையும் ஒரே நேரக் குறியில் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டுங்கள். எதிரியைத் திரையில் தெளிவாகப் பார்த்தும் சுடாமல் திரும்பிய சம்பவம் மூன்று இருந்தால் கூப்பிட்டுக் கேளுங்கள். கேப்டன்களைத் தனித்தனியாகக் கேட்பது முக்கியம். "பாத்தோமுங்க, ஆனா மூணாவது டீம் வந்துரும்னு சுடலீங்க" என்பது நியாயமான பதிலாக இருக்கலாம். மூன்றாவது டீம் அப்போது எங்கே இருந்தது என்று அப்சர்வர் பதிவில் பாருங்கள்.

இறங்கும் இடத்தைக் குலுக்கல் சீட்டுப் போட்டுத் தருவது டீமிங்கைக் குறைக்கும். டீம்களுக்குப் பிடிக்காது, செய்யுங்கள்.

படி 8: தீர்ப்பு

ஒரு கிளிப்பை இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்து, ஒருவருக்கொருவர் சொல்லாமல் எழுதி வைக்க வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் மூன்றாம் ஆள். வீரரின் பெயரையும் புகார் கொடுத்தவர் பெயரையும் மறைத்துக் கொடுத்தால் இன்னும் நல்லது. கவுன்டர்-ஸ்ட்ரைக் என்ற கணினி கேமில் அதன் கம்பெனியான வால்வ் 2013இல் கொண்டுவந்த ஓவர்வாட்ச் முறையும் இதையேதான் செய்தது: அனுபவமுள்ள ஆட்டக்காரர்கள் பெயர் தெரியாத டெமோவை (மேட்ச் பதிவை) பார்த்துத் தீர்ப்புச் சொன்னார்கள்.

முடிவைச் சொல்வதற்கு முன் சம்பந்தப்பட்டவரைக் கேளுங்கள், நிமிடக் குறிப்புகளோடு. பிறகு குரூப்பில் போடும் அறிவிப்பில் கேரக்டர் ஐடி, எந்த விதி, எத்தனை நாள் என்ற மூன்று மட்டும் போதும். நிரூபணம் ஆகாவிட்டால் அதையும் புகார் கொடுத்தவருக்குத் தெளிவாகச் சொல்லுங்கள். பதில் சொல்லாமல் விடும் குழுவில்தான் "அட்மின் அவன் ஆளு" என்ற பேச்சு கிளம்பும். மேல்முறையீட்டுக்கு 7 நாள், முதலில் பார்க்காத ஒருவர் பார்க்க வேண்டும்.

கேமிங் சென்டர் வைத்திருப்பவர்களுக்கு

நேரில் உட்கார்ந்து ஆடினால் ஏமாற்ற முடியாது என்று நினைக்காதீர்கள். 2018 அக்டோபரில் ஷாங்காயில் நடந்த எக்ஸ்ட்ரீம்ஸ்லேண்ட் கவுன்டர்-ஸ்ட்ரைக் போட்டியில், ஆப்டிக் இந்தியா டீமின் வீரர் ஒருவர் நிர்வாகிகள் கண் முன்னாலேயே ஏய்ம்பாட்டோடு பிடிபட்டார். ஹேக் ஃபைலுக்கு வைத்திருந்த பெயர் "வேர்ட்". டீம் கலைக்கப்பட்டது, அவருக்கு ஐந்தாண்டு தடை. ஆகவே டோர்னமென்ட் நாளில் நிர்வாகி உரிமை இல்லாத விண்டோஸ் கணக்கு, யுஎஸ்பி சேமிப்புக்குத் தடை, வீரர் சொந்த மவுஸ் கொண்டுவந்தால் அதன் மென்பொருளை நீங்களே முன்கூட்டி நிறுவுவது ஆகிய மூன்றும் கட்டாயம்.

வாலரன்ட் கேம் ஆடும் கணினியில் அதன் ஆன்டி-சீட் மென்பொருளான வேன்கார்டு, விண்டோஸ் தொடங்கும்போதே கெர்னல் மட்டத்தில் (விண்டோஸின் ஆழத்தில்) ஓடத் தொடங்கும். விண்டோஸ் 11 என்றால் டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு வசதிகள் இரண்டும் ஆன் இருக்க வேண்டும். சிஸ்டம் இன்ஃபர்மேஷன் பக்கத்தில் பயாஸ் மோடு "யுஇஎஃப்ஐ" என்றும் செக்யூர் பூட் "ஆன்" என்றும் காட்டுகிறதா பாருங்கள். "லெகசி" என்று இருந்தால் அவசரப்பட்டு பயாஸில் மாற்றாதீர்கள். ஹார்டு டிஸ்க் எம்பிஆர் என்ற பழைய பிரிப்பு முறையில் இருக்கும், மாற்றியதும் விண்டோஸ் தொடங்காது. முதலில் பேக்கப், பிறகு விண்டோஸிலேயே உள்ள மாற்றும் கருவியால் ஜிபிடி என்ற புதிய முறைக்கு மாற்றம், அதன்பின் பயாஸ். பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு) ஆன் இருந்தால் ரெக்கவரி எண்ணை எழுதிவைத்துக்கொள்ளுங்கள், கேட்கும்.

இன்னொன்று: வேன்கார்டு கணக்கை மட்டுமல்ல, கணினியையே தடை செய்யும். ஒரு மணி நேரத்துக்கு 40, 50 ரூபாய் கொடுத்துவிட்டு ஒருவர் போட்ட ஹேக்கால் அந்த மெஷினில் அடுத்து வருபவர் யாரும் வாலரன்ட் ஆட முடியாமல் போகலாம். எந்த மெஷினில் எந்த நேரம் யார் என்ற பதிவேடு வைக்காத சென்டருக்கு இதில் கேட்க ஆளே இருக்காது.

மைன்கிராஃப்ட் சர்வர்

பேப்பர் என்ற சர்வர் மென்பொருளில் ஆன்டி-எக்ஸ்ரே (கல்லுக்குள் புதைந்த தாதுவை ஹேக்கில் பார்ப்பதைத் தடுக்கும் வசதி) ஏற்கெனவே உள்ளது, ஆனால் தொடக்கத்தில் அணைந்திருக்கும். உலக அமைப்புக் கோப்பில் ஆன் செய்யுங்கள். முறை 1 புதைந்த தாதுவைக் கல்லாகக் காட்டும், சர்வருக்குச் சுமை குறைவு. முறை 2 போலித் தாதுவை எங்கும் நிரப்பும், நெட் அதிகம் இழுக்கும். வீட்டு இணைப்பில் நடத்துபவர்களுக்கு முறை 1 போதும். கோர்புரொடெக்ட் பிளக்இன் யார் எந்தக் கட்டையை எப்போது உடைத்தார்கள் என்று வைத்திருக்கும். சந்தேகப்படுபவரின் சுரங்கம் நேராக வந்து ஒவ்வொரு வைரத்துக்கும் மட்டும் திரும்புகிறதா என்று நடந்து பாருங்கள். உடைத்ததைப் பழைய நிலைக்குத் திருப்பும் வசதியும் அதில் இருக்கிறது. உடைத்தவர் பெயரைக் குறிப்பிடாமல் திருப்பினால் பக்கத்து வீட்டுக்காரர் கட்டியதும் சேர்ந்து போகும்.

பரிசும் பேன் லிஸ்ட்டும்

பரிசை ஆட்டம் முடிந்த இரவே அனுப்பாதீர்கள். புகார் கொடுக்க 24 மணி நேரம், விசாரிக்க 48 மணி நேரம், ஆக 72 மணி நேரம் கழித்து அனுப்பப்படும் என்று பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள். பிஓவி வைத்திருக்கச் சொன்ன 72 மணி நேரமும் இதுவும் ஒன்றாக முடியும். அனுப்பிய பணத்தைத் திரும்ப வாங்கியவர் யாரும் இல்லை.

ஈரோடு, கரூர், சேலம் பக்கத்துக் குழுக்களோடு பேன் லிஸ்ட்டைப் பகிர்ந்தால் எல்லோருக்கும் வேலை குறையும். கேரக்டர் ஐடி, விதி, தேதி, முடியும் நாள் ஆகியவை மட்டும் போகட்டும். போன் எண்ணும் முகமும் வேண்டாம். இன்னொரு குழுவின் பேனை அப்படியே ஏற்காமல், அவர்களிடம் கிளிப் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுச் சேருங்கள். தடை முடிந்த நாளில் வரியை நீக்குங்கள். நிரந்தரத் தடை மட்டும் எப்போதும் லிஸ்ட்டில் இருக்கட்டும்.